என் காலுக்கு அடியில் இருந்த கால்

அன்பு நண்பர்களுக்கு,

தான்சானியாவின் அருஷா நகரில் வீட்டுக்கு வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. முழங்காலில் கட்டு இருக்கிறது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். அன்று காலை ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலையின் உச்சிக்குக் கீழே என்ன ஆயிற்று என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் அதைக் கடவுளின் மலை என்கிறார்கள். வழியில் ஒரு மரநிழல் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதனால் நள்ளிரவில் ஏறத் தொடங்குவதே வழக்கம். இருட்டில் தலைவிளக்கின் வெளிச்சம் விழும் இரண்டடிக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை, ஆகவே பயமும் தெரிவதில்லை. விடிந்து திரும்பும்போதுதான் கண்ணுக்கு நேர் கீழே நேட்ரான் ஏரி வரை எல்லாம் தெரிகிறது, நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதும் தெரிகிறது. சிமெண்டுத் தரையில் கேழ்வரகைக் கொட்டி, அந்தத் தரையைக் கூரைபோலச் சாய்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட சரிவு. அடிவாரத்துக்கு 1,500 மீட்டர் இறங்க வேண்டும். ஒரு கால் சொன்னபடி கேட்கவில்லை.

தம்பி, இனி உங்களிடம் பேசுகிறேன். உங்கள் பெயரை எழுத உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. இதைச் சுவாஹிலியில் உங்களுக்குப் படித்துக் காட்டுவதாக நண்பர் ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் என் வழிகாட்டி அல்ல. வேறொரு குழுவுடன் வந்தவர். என்னை மேலிருந்து கயிற்றில் பிடித்துக்கொண்டு என் வழிகாட்டி திணறிக்கொண்டிருந்தபோது, உங்கள் குழுவை உடன் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே எனக்கு ஓரடி கீழே வந்து நின்றீர்கள். குதிகாலைச் சாம்பலுக்குள் அழுத்திப் பதித்து, கைத்தடியைக் குறுக்கே ஊன்றி, உங்கள் பாதத்தைக் காட்டினீர்கள். அதில் முட்டுக்கொடுத்து என் காலை வைக்கச் சொல்கிறீர்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. வைத்தேன். நழுவவில்லை. அடுத்த அடிக்கு இறங்கி மறுபடி காலைப் பதித்தீர்கள். ஏழு மணி நேரம் இதையே செய்தீர்கள்.

பாதி வழியில் உங்கள் டயர் செருப்பின் வார் என் எடை தாங்காமல் அறுந்தது. செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலை நீட்டினீர்கள். நான் பூட்ஸ் போட்டிருந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். "ஹகுனா ஷிடா", பரவாயில்லை, என்று சிரித்துவிட்டுப் பாதத்தை இன்னும் ஆழமாக ஊன்றினீர்கள். குதிகாலில் தோல் உரிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அந்த மலையின் எரிமலைக் குழம்பு கறுப்பாக வழிந்து, ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். உலகில் இன்று வேறெந்த எரிமலையும் அப்படிக் கக்குவதில்லை. சலவைச் சோடாவின் இனம் அது, சாம்பலிலும் கலந்திருக்கிறது. உரிந்த தோலில் அது என்ன எரிச்சல் எரிந்திருக்கும்! நீங்கள் முகம் சுளிக்கவில்லை. நான் தடுமாறிய ஒவ்வொரு முறையும் "போலே" என்றீர்கள்.

மூன்று ஆண்டுகளாக இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டு வருகிறேன். இரண்டு முறை சேர்த்துச் சொன்னால் மெதுவாக என்று பொருள். ஒரு முறை சொன்னால் ஆறுதல். கைப்பை தவறி விழுந்தாலும் எவரோ முன்பின் தெரியாதவர் "போலே" என்பார். இதை வெறும் மரியாதைச் சொல் என்றே எண்ணியிருந்தேன். சிறுவயதில் நான் தடுக்கி விழுந்தால் எங்கள் அப்பத்தா "பார்த்துப்பா, பார்த்து" என்பார். விழுந்த பிறகு பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்று அந்தச் சரிவில் உங்கள் குரலில் அப்பத்தாவைக் கேட்டேன். அவர் சொன்னது காலுக்கு அல்ல, எனக்கு என்பது நாற்பத்தாறு வயதில்தான் விளங்கியது.

கடைசி மேட்டுக்குத் தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்து ஏறிவந்த ஓட்டுநர் ஐயா, அடிவாரத்துக் கிராமமான எங்கரே செரோவில் வெந்நீரும் சர்க்கரை போட்ட தேநீரும் தந்த அம்மாக்கள், அந்தக் கரடுமுரடான மண்சாலையில் இரவோடு இரவாக வண்டி அனுப்பிய நண்பர்கள், கயிற்றைக் கடைசி வரை விடாத என் வழிகாட்டி, மருத்துவர், செவிலியர்கள், என் வீட்டில் உலை வைத்துக் குழந்தைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதக் கடமைப்பட்டவன். எழுதுவேன்.

தம்பி, வண்டியில் ஏறும்போது உங்கள் கைத்தடியை என் கையில் திணித்துவிட்டீர்கள். மாடு மேய்ப்பவருக்குத் தடி என்னவென்று எனக்குத் தெரியும். அது கதவுக்குப் பின்னால் நிற்கிறது. சாம்பலைத் துடைக்க மகள் துணியோடு வந்தாள், வேண்டாம் என்றேன். ஊன்றுகோலை விட்ட மறுவாரம் அதை உங்கள் கையிலேயே தருவேன், இது சத்தியம்.

சந்தையில் டயர் செருப்பு செய்பவரிடம் ஒரு சோடி சொல்லி வைத்திருக்கிறேன். அளவு கேட்டார். தரையில் விரலால் வரைந்து காட்டினேன். ஏழு மணி நேரம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.