பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று சொல்லிவிடுங்கள்

இசை நாடகங்களுக்கு நடிகர் தேடும் போட்டிகளை நடத்தும் பிரிட்டன் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 2006-இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தின் மரியாவாக கோனி ஃபிஷர், 2007-இல் 'ஜோசப்' நாடகத்தின் ஜோசப்பாக லீ மீட், 2008-இல் 'ஆலிவர்!' நாடகத்தின் நான்சியாக ஜோடி ப்ரெங்கர், 2010-இல் 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' நாடகத்தின் டோரத்தியாக டேனியல் ஹோப் என்று, மக்களிடம் போனில் ஓட்டு வாங்கி, பிபிசி வரிசையாக ஆள் பிடித்துக் கொடுத்தது. நால்வரும் திறமைசாலிகள். என் புகார் அவர்கள்மேல் இல்லை, பாட்டின்மேல்.

ஒருவருக்கு ஊரறிந்த துள்ளல் பாட்டு கிடைக்கிறது. முதல் வரியிலேயே அரங்கம் கைதட்டத் தொடங்கிவிடும். அடுத்தவருக்குப் படிப்படியாக ஏறும் பாட்டு. அதையும் நேரத்துக்காக வெட்டிவிடுவீர்கள். கதை சொல்லும் பகுதி போய், உச்சத்தில் இழுக்கும் இடம் மட்டும் மிஞ்சும். வீட்டில் போனை எடுப்பவர் ஓட்டுப் போடுவது குரலுக்கா, அந்தப் பாட்டின்மேல் ஏற்கெனவே இருந்த பிரியத்துக்கா? என்னைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

நான்சி, அடிக்கிறவனையே விட்டுப் போக மனம் வராத பெண். அவளுடைய பெரிய பாட்டை அந்த வலியோடு பாட வேண்டும், அதுவும் லண்டனின் நாடக அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டின் வழக்கப்படி வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஒரு பாப் பாட்டில் அசத்தியவரால் இது முடியுமா என்று நாங்கள் எதை வைத்து முடிவு செய்வது?

வேடிக்கை என்னவென்றால், ஓட்டில் பின்தங்கிய இருவரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவார்களே, அங்கேதான் நியாயமாக ஒப்பிட முடியும். ஆனால் அங்கே எங்களுக்கு ஓட்டு இல்லை. யார் தங்குவது என்பதை இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் சொல்லிவிடுவார்! 2008 இறுதிச் சுற்றில் நிலைமை தலைகீழ். அவர் மனம் இன்னொரு போட்டியாளரான ஜெஸ்ஸி பக்லி பக்கம் இருந்தது, மக்கள் ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. (ஜெஸ்ஸி 2022-இல் 'காபரே' இசை நாடகத்துக்காக, பிரிட்டன் நாடக உலகின் பெரிய விருதான ஆலிவியர் விருதே வாங்கிவிட்டார்.) இருவரையும் வாரக்கணக்கில் வெவ்வேறு பாட்டுகளில் கேட்டுவிட்டு ஒப்பிடச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

சரி, இனி இப்படி ஒரு போட்டி நடத்தினால், பாட்டு போட்டியாளர் கேட்டதா, நீங்கள் கொடுத்ததா என்று திரையில் ஒரு வரி போடுங்கள். அப்புறம், ஒரு வாரமாவது எல்லோரையும் அந்த நாடகத்தின் ஒரே பாட்டை முழுசாகப் பாட வைத்துவிட்டு ஓட்டுக் கேளுங்கள். நேரமில்லை என்பீர்கள். தோற்ற டோரத்தியிடமிருந்து சிவப்புக் காலணியை வாங்கிக்கொண்டு, அவரை மேடை நிலாவில் உட்காரவைத்துப் பறக்கவிட மட்டும் வாராவாரம் நேரம் இருந்ததே!

இப்படிக்கு,
பாதிப் பாட்டு கேட்டு ஓட்டுப் போட்ட ஒரு ரசிகை