மீன் செதிலுக்கும் தெரியும் அந்த வித்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மாணவர் பக்கத்தில் லேசர் கட்டுரை படித்தேன். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அலைநீள ஒளி கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) என்ற படிகத்துக்குள் போய், அதிர்வெண் இரட்டித்து, அலைநீளம் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சையாக வெளிவருவதை அழகாகச் சொல்லியிருந்தார்கள். செயற்கைப் படிகத்துக்கு மட்டுமே இந்த வித்தை தெரியும் என்று முடித்ததுதான் உறுத்தியது.

மதுரையில் ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்தவன் நான். எம்.பில். பிள்ளைகள் இந்த வித்தைக்குப் புதுப் படிகம் தேடி, கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு ஏதாவது ஓர் உப்பைக் கரைத்து, பீக்கர் வாயைத் தாளால் கட்டி, ஊசியால் ஓட்டை போட்டு வைப்பார்கள். தண்ணீர் மெல்ல ஆவியாக, அடியில் படிகம் முளைக்கும். ஐப்பசி அடைமழையில் ஆவியாகாது, பூஞ்சை பிடித்துவிடும். நாற்பது நாள் காத்த கரைசலை நானே தொட்டியில் கொட்டியிருக்கிறேன். அதைக் கரைத்து வைத்த பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பியதை இடித்துப் பொடியாக்கி, லேசர் பாய்ச்சினால் பச்சை வருகிறதா என்று பார்க்கப் பெங்களூருக்கு அனுப்புவோம்.

அதே கிளைசின்தான் கொலாஜன் என்ற புரதத்தின் சங்கிலியில் மூன்றில் ஒரு கண்ணி. தோல், தசைநாண், மீன் செதில் எல்லாவற்றிலும் கொலாஜன் உண்டு. அது மூன்று புரி முறுக்கிய கயிறு என்று 1954-ல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்தக் கயிற்றுக்குத் தலை வேறு, வால் வேறு. அப்படி இருந்தால்தான் ஒளி இரட்டிக்கும். லேசர் நுண்ணோக்கியில் சாயம் ஏற்றாமலே கொலாஜன் இழைகள் தெரிவது இதனால்தான். பட்டுக்கும் இந்தக் குணம் உண்டு. ஜப்பானில் சால்மன் மீனின் விந்துப்பையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, சோப்பு மாதிரி ஒன்றைச் சேர்த்துத் தண்ணீரில் கரையாதபடி செய்து, சாயம் கலந்து படலமாக வார்க்கிறார்கள். அங்கே ஒளியை இரட்டிக்கும் வேலை சாயத்துடையது. டிஎன்ஏ அதற்கு வீடு.

கேடிபியை மீன் செதில் வெல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் படிகம் வளர்க்கும் பிள்ளைகள் மீன் சந்தையில் ஒரு பை செதில் வாங்கி, சுண்ணச்சத்தை அமிலத்தில் போக்கிவிட்டுப் பார்க்கலாமே? நாற்றம் இருக்கும், பூஞ்சைக்கு அது தேவலை.

1961-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒளி இரட்டித்தபோது படத்தில் விழுந்த சின்னப் புள்ளியை, அழுக்கு என்று நினைத்து ஆய்விதழ்க்காரர்கள் அழித்துவிட்டார்கள். அச்சில் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடிதத்தைச் சுருக்குகிறவர் என் கிளைசினை மட்டும் விட்டுவைக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை