மென்பொருள் போடும் மதிப்பெண்ணுக்கும் நகல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் வழக்குத் தேக்கம் குறையும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குற்றவியல் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாய்தா தேதி பார்க்கவும் தீர்ப்பை மொழிபெயர்க்கவும் மென்பொருள் வரட்டும், சரி. ஜாமீனும் தண்டனையும் அதன் கைக்குப் போய்விடக் கூடாது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எரிக் லூமிஸ் என்பவருக்குத் தண்டனை விதித்தபோது, அவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் என்று ‘காம்பஸ்’ மென்பொருள் போட்ட மதிப்பெண்ணையும் நீதிபதி கணக்கில் எடுத்தார். 6 ஆண்டு சிறை. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பது லூமிஸுக்குத் தெரியவில்லை. அது வணிக ரகசியம் என்றது நிறுவனம். எச்சரிக்கைக் குறிப்போடு பயன்படுத்தலாம் என்று 2016-ல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நம் ஊரில் எஃப்ஐஆர், சாட்சி வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச நகல் கொடுத்தாக வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் வக்கீல் எழுந்து நிற்பார். ஒரு மதிப்பெண்ணைக் கூண்டில் ஏற்றி எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

ஒருமுறை ரிமாண்டுக்கு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ‘போலீஸ் அடித்தார்களா?’ என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ‘இல்லைங்கய்யா’ என்றான். அவர் விடவில்லை. போலீசாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். முழங்கைக்கு மேலே நல்ல வீக்கம். காயத்தைப் பதிவு செய்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு போட்டார். அவன் சொன்ன பதிலை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒரு மென்பொருள் ‘புகார் இல்லை’ என்றுதான் எழுதியிருக்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்வது, இப்படி ஒரு மனிதர் நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

தீர்ப்பு, உத்தரவு, நிவாரணம் எதையும் முடிவு செய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித் துறைக்குக் கொள்கை வகுத்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இது ஒரு உயர் நீதிமன்றத்தின் கொள்கையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. இதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலேயே நாடாளுமன்றம் எழுதி வைக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: போலீஸ் தரப்பு மென்பொருள் அறிக்கை எதையாவது தாக்கல் செய்தால், எந்தத் தகவலை வைத்து, எப்படி அந்த முடிவு வந்தது என்பதையும் நகல்களோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரகசியம், கொடுக்க முடியாது என்றால், அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்கவே கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்,
திருநெல்வேலி