செல்வி போர்வைக்கு உன் நீலம் இன்னும் வேண்டும்

மதுரை

அன்புள்ள பாக்கியம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? பேரனுக்குப் பல் முளைத்துக் கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறான் என்று ராஜி சொன்னாள், சந்தோஷம். மற்ற விசாரிப்பெல்லாம் போனில் வைத்துக்கொள்வோம். இந்த விஷயத்தை மட்டும் போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரி விடுடி, உன் இஷ்டம்" என்று வைத்துவிடுவாய். இது என் இஷ்டத்துக்கு விடுகிற காரியம் இல்லை.

செல்வியின் ஒட்டுப்போர்வையைத்தான் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்கு அவளோடு போகப்போகிறதே, அதை. நாலு பேர் சேலையும் வந்து சேர்ந்து, சாயம் போகிறதா என்று வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்து, கீறி, இஸ்திரி போட்டு, நாற்பத்தெட்டுக் கட்டமும் மூன்று சுற்று வரை தைத்தாகிவிட்டது. நாலாவது சுற்றில் கை வைக்காமல் நிறுத்தியிருக்கிறேன். ஏன் என்று கேள்.

கட்டம் லாக் கேபின், மரக்கட்டை வீடு என்று பொருள். அமெரிக்காவில் 1860-களில் இருந்தே பரவலாகத் தைத்து வருகிற வகை. நடுவில் இரண்டு அங்குலச் சதுரம். அதைச் சுற்றி ஓர் அங்குலப் பட்டைகள் சுற்றுச் சுற்றாக வளரும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர்த்தி. முடிந்ததும் கட்டம் மூலைவிட்டத்தில் பாதி வெயிலாகவும் பாதி நிழலாகவும் நிற்கும். நடுச்சதுரத்துக்கு வழக்கமாகச் சிவப்பு வைப்பார்கள், வீட்டு அடுப்பின் நெருப்பு என்று. நான் செல்வியின் அரக்குச் சுங்குடியை வைத்தேன். அதுதான், அந்த ஆண்டு விழாச் சேலை. அவள் இல்லாத கட்டம் ஒன்றுகூட இல்லை. வெளிர்ப் பக்கம் மீனாவின் சந்தனமும் ராஜியின் வெங்காயத்தோலும். அடர்த்திப் பக்கம் என் பாக்கு நிறமும் உன் எம்.எஸ். நீலமும்.

கட்டம் எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் எந்தக் கட்டத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதில் போர்வையே வேறாகிவிடுகிறது. வெயில் பாதியை வெயிலோடும் நிழல் பாதியை நிழலோடும் சேர்த்து நடுவிலிருந்து விரித்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வைரங்கள். ஒரே திசையில் சாய்த்து அடுக்கினால் மூலைக்கு மூலை சால் ஓட்டியது போல வரிகள். ஒரு வரி வெளிச்சம், ஒரு வரி இருட்டு. கூடத்தில் நாற்காலியெல்லாம் நகர்த்தி இரண்டையும் பரப்பிப் படம் எடுத்துக் குழுவில் போட்டேனே, நீங்கள் மூன்று பேரும் ஒரே குரலாக "வைரம்தான்" என்றீர்கள். மீனா இதயப் படமாகப் போட்டுத் தள்ளினாள்.

எனக்கு வைரம் வேண்டாம், பாக்கியம். காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீங்கள் பார்த்தது நான் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்த படம். செல்வி அதை மேலேயிருந்து பார்க்கப்போவதில்லை. படுத்தபடி, மோவாய்க்குக் கீழே இருந்து கால்மாட்டை நோக்கிப் பார்ப்பாள். போர்வை அறுபது அங்குலம் அகலம். ஆஸ்பத்திரிக் கட்டில் மூன்றடி. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி தொங்கிவிடும். வைரத்தின் இரண்டு முனையும் அந்தத் தொங்கலில் போய்விடும். மிஞ்சுவது நடுவில் இருக்கிற சின்ன வைரமும் அதைச் சுற்றின வளையங்களும்தான். அது எங்கே வந்து உட்காருகிறது தெரியுமா? நான் என் கட்டிலில் விரித்துப் படுத்துப் பார்த்தேன். சரியாக வயிற்றின் மேல். அவளுக்கு ஆபரேஷன் ஆன இடத்துக்கு நேர் மேலே, குறி பார்த்துச் சுடுகிற பலகை மாதிரி. கண் திறந்தால் அதுதான் தெரியும். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வரி அப்படி இல்லை. ஒரு தோளில் தொடங்கி உடம்பைக் குறுக்கே கடந்து கட்டிலைத் தாண்டி இறங்கிப் போய்விடும். எந்த இடத்திலும் நின்று கண்ணைப் பிடித்து வைக்காது. எவ்வளவு தொங்கினாலும், எப்படிச் சுருட்டிப் போட்டாலும் வரி வரிதான். அவள் கம்பம் பள்ளத்தாக்கில் உழவு பார்த்து வளர்ந்தவள், அவள் அப்பாவை நமக்கும் தெரியும். இந்த அமைப்புக்கு அமெரிக்காவிலும் நேர் உழவு என்ற பொருளில்தான் பெயர்.

அமைப்பு இதுதான் என்று ஆன பிறகு இன்னொரு சிக்கல். உன் நீலம்.

கோபப்படாதே. நீலம் அழகுதான். ஆனால் பக்கத்தில் யார் வந்தாலும் அவர்கள் நிறத்தை மாற்றிவிடுகிறது. அதன் பக்கத்தில் வைத்த சந்தனம் ஆரஞ்சுக்குப் போகிறது. என் பாக்கு நிறம் தனியே பார்த்தால் நல்ல அடர்த்தி. நீலத்தின் பக்கத்தில் பத்து வருஷம் வெயிலில் கிடந்தது போல வெளுத்து நிற்கிறது. துவைத்ததில்தான் வெளுத்ததோ என்று வெட்டாமல் வைத்திருந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் நம் சோப்புக்காரர் ஞாபகம் வந்தார். ஷெவ்ரல்! கடைசி வருஷ வைவாவில் உன்னை மடக்கினார்களே, கொழுப்பு அமிலத்தைப் பிரித்தறிந்த பிரெஞ்சுக்காரர், அவரேதான். 1824-இல் அவரைப் பாரிஸ் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராகப் போட்டார்கள். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று அங்கே புகார். வேறு பட்டறைகளில் சாயம் போட்ட கறுப்போடு வைத்துப் பார்த்தார். சாயத்தில் கோளாறே இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்திருந்தார்கள், அதுதான் அதைச் சோகையாக்கியது. பக்கத்து நிறம் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றுகிறது என்று 1839-இல் பெரிய புத்தகமே போட்டார். மனுஷன் நூற்றிரண்டு வயது இருந்து 1889-இல்தான் போனார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அவர் சோப்பை நடத்தினேன். இப்போதுதான் அவர் நிறத்தைக் கையில் தொடுகிறேன்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு அடர்த்தியை மட்டும் பார்க்கலாம் என்று போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தேன். நீயும் எடுத்துப் பார், ஆச்சரியமாக இருக்கும். செல்வியின் அரக்கும் என் பாக்கும் ஒரே சாம்பல். சுங்குடிப் புள்ளி மட்டும் மினுக் மினுக்கென்று தெரிகிறது. உன் நீலம்தான் எல்லாவற்றிலும் ஆழம். ஆகவே அதை உள்ளே வைக்கக் கூடாது, வெளியே வைக்க வேண்டும். நாலாவது சுற்றில் அடர்த்திப் பக்கம் முழுக்க நீலம் என்றால், ஒரு கட்டத்தின் நீலமும் அடுத்த கட்டத்தின் நீலமும் ஒட்டி இரண்டங்குலப் பட்டையாகிவிடும். சாலுக்கு ஆழம் வரும். என் பாக்கும் உள்ளே அரக்கோடு நிம்மதியாக இருக்கும்.

வெளிர்ப் பக்கமும் இதே கதைதான். சந்தனமும் வெங்காயத்தோலும் ஒட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்ச வரி அறுந்துவிடும். மீனா போன் செய்து "என் சேலை யார் பக்கத்தில் வருது?" என்று கேட்டாள். மாட்டுத்தாவணி விஷயத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதில்லை, உனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "செல்விக்குக் குளிராம இருந்தா சரி" என்றாள். ராஜியிடம் நீயே சொல்லிவிடு, உன் பேச்சை மறுக்க மாட்டாள்.

உள்ளே பஞ்சு வைக்கவில்லை, பழஞ்சேலை இரண்டு மடிப்புத்தான். ஏசி அறைக்கு அது போதும், தையல் போட்ட வயிற்றில் பாரமும் ஏறாது, அடிக்கடி வெந்நீரில் அலசலாம். வடகன்னடத்தில் ஹலியால், எல்லாப்பூர்ப் பக்கம் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் இப்படிப் பழஞ்சேலை மேல்தான் கவந்தி என்கிற ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். ஓர் ஓரத்து மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள், அது இல்லாமல் போர்வை அவர்களுக்கு முழுமையாகாது. அந்தப் பூவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். நாலு மூலை, நாம் நாலு பேர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசிச் சுற்றுக்கு உன் நீலம் முழுசாக ஒரு மீட்டர் வேண்டும். என்னிடம் அதில் பாதிகூட மிச்சம் இல்லை. நீ முந்தானைப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பினாய், பெட்டி பிரித்த அன்றே பார்த்துவிட்டேன். அந்தக் காலத்திலேயே நீ அப்படித்தான், மெஸ்ஸில் அப்பளம் நினைவிருக்கிறதா? அந்தத் துண்டை நீ ஏன் வைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். கேட்கக் கூடாது என்றும் தெரியும். செல்விக்கு என்பதால் கேட்கிறேன். வேறு நீலம் கடையில் கிடைக்கும். அது நாற்பது வருஷம் கட்டித் துவைத்த நீலமாக இருக்காது, தோலில் பட்டால் உறுத்தும். அவளுக்கு இப்போது தோல் எதையும் தாங்கவில்லை என்று அவள் மகள் சொல்கிறாள்.

அடுத்த கீமோவுக்கு அவளை மறுபடி சேர்க்கும்போது போர்வை அவளோடு போக வேண்டும். கூரியரில் போடு, தபால் தாமதமாகும். கரையை நீ வெட்டாதே, அப்படியே அனுப்பு. நூலோட்டம் பார்த்து நான் கீறிக்கொள்கிறேன். மனசு வரவில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடு, என் கல்யாண நாள் கரும்பச்சையை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் ஆழமான நிறம்தான்.

அன்புடன்,
உன் ஜெயா