பெட்டியில் 9 டிபிஐ, உள்ளே வெறும் குழாய்: ஆண்டெனா நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
உங்கள் இரட்டை ஆண்டெனா தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: வீட்டுக்குள் வைக்கும் வைஃபை ஆண்டெனா சொன்ன திறனைத் தராதது – முழுத் தொகையையும் திருப்பித் தரவும், பெட்டியில் உள்ள அச்சைத் திருத்தவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ரூட்டரோடு வந்த ஆண்டெனாக்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவதற்காக நீங்கள் விற்கும் தொகுப்பில் 2 ஆண்டெனாக்கள், காந்தம் வைத்த அடித்தட்டு ஒன்று, 3 மீட்டர் கேபிள்கள் 2 இருக்கின்றன. பெட்டியின் முகப்பில் '9 டிபிஐ' (சிக்னலை ஆண்டெனா ஒரு பக்கமாகக் குவிக்கும் திறனின் அளவு, டெசிபெல் கணக்கில்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். மாட்டிய பிறகு வைஃபை கூடவில்லை, குறைந்திருக்கிறது. உங்கள் உதவி எண்ணுக்கு மூன்று முறை அழைத்தும் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதற்கு மேல் பதில் இல்லை. அதனால் அளந்து பார்த்ததை எழுதி அனுப்புகிறேன். தயவுசெய்து இதைத் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் படிக்கட்டும்.

அளந்த விதம்: ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் சேனல் 6-இல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்தினேன். சேனலைத் தானியங்கியில் விட்டால் நடுவில் மாறி அளவு கெடும். இரண்டு சுவர் தாண்டி, 7 மீட்டர் தூரத்தில் ஒரே ஸ்டூலின் மேல் ஒரே மடிக்கணினி. ஒவ்வொரு முறையும் 5 விநாடிக்கு ஒன்றாக 10 அளவு எடுத்து, அவற்றின் சராசரி. ஆண்டெனாக்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்; ஒன்றை மட்டும் மாற்றினால், பழையபடி இருக்கும் மற்றொன்று குறையை மறைத்துவிடும்.

ரூட்டரின் சொந்த ஆண்டெனாக்களில் −66 டிபிஎம் (மடிக்கணினிக்கு வந்த சிக்னலின் பலம்; மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடினால் சிக்னல் குறைவு). உங்கள் ஆண்டெனாக்களைக் கேபிளோடு மாட்டி, அடித்தட்டை ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தபோது −72. கேபிளை எடுத்துவிட்டு அதே ஆண்டெனாக்களை ரூட்டரில் நேராகத் திருகியபோது மறுபடி −66.

இந்த மூன்று எண்களே உங்கள் பொருளின் இரண்டு கோளாறுகளையும் காட்டிக்கொடுக்கின்றன.

முதல் கோளாறு கேபிள். வெர்னியர் காலிப்பரில் அதன் வெளி விட்டம் 2.8 மில்லிமீட்டர், மேலுறையில் ஆர்ஜி-174 என்றும் அச்சு இருக்கிறது. இந்த வகை மெல்லிய கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல் தின்னும் (3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி). 3 மீட்டருக்கு 6 டெசிபெல், அதாவது நான்கில் மூன்று பங்கு சக்தி கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இந்த இழப்பு 9 டெசிபெல்லைத் தாண்டும். போகிற சிக்னலுக்கு மட்டுமல்ல, கைபேசியிலிருந்து ரூட்டருக்கு வருகிற சிக்னலுக்கும் இதே அடி. பெரும்பாலும் ரூட்டரைவிடக் குறைந்த சக்தியில்தான் கைபேசி அனுப்புகிறது என்பதால் அந்தப் பக்கம்தான் முதலில் திணறும். அதே 3 மீட்டருக்கு எல்எம்ஆர்-200 என்ற தடித்த கேபிளைக் கொடுத்திருந்தால் இழப்பு சுமார் 1.7 டெசிபெல்லோடு நின்றிருக்கும். அதன் விட்டம் 5 மில்லிமீட்டர். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆண்டெனா உண்மையிலேயே 9 டிபிஐ ஆக இருந்தாலும், கேபிள் 6-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 3. ரூட்டரோடு வரும் சாதாரண ஆண்டெனாவே 2, 3 டிபிஐ தரும். பிறகு எதற்காக இந்தத் தொகுப்பை ஒருவர் வாங்க வேண்டும்?

ஆனால் அது 9 டிபிஐ கூட இல்லை. உண்மையாக இருந்திருந்தால், கேபிள் இல்லாமல் நேராகத் திருகியபோது −66 என்பது −60-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆண்டெனாவைத் திருகும்போதே உள்ளே ஏதோ ஆடும் சத்தம் கேட்டது. மேல் மூடியைத் திருப்பினேன், கையோடு வந்துவிட்டது. 38 சென்டிமீட்டர் குழாய்க்குள் அடியில் 3 சென்டிமீட்டருக்கு ஒரு பித்தளைக் குழல், அதன் மேல் 3 சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி, கம்பி ஆடாமல் இருக்க ஒரு துண்டு ஸ்பாஞ்சு. மீதி முழுக்கக் காற்று. மொத்தம் 6 சென்டிமீட்டர் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் அரை அலைநீளம். இது ஒரு சாதாரண டைபோல், அதாவது ஒரே ஒரு அரை அலை உறுப்புள்ள ஆண்டெனா. சுமார் 2 டிபிஐக்கு மேல் தராது. 9 டிபிஐ வேண்டுமென்றால் இப்படி அரை அலை உறுப்புகள் நான்குக்கு மேல், நடுவில் சுருள்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்த நீளமே தேவை. நீங்கள் நீளத்தை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள்.

பெட்டியில் 'மூன்று மாடிக்கும் போதும்' என்று இன்னொரு வாசகமும் இருக்கிறது. ஆண்டெனா புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போவதைப் பக்கவாட்டில் அமுக்கித் தருகிறது. உண்மையான 9 டிபிஐ ஆண்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் வீச்சு மேலும் கீழுமாகச் சேர்த்துச் சுமார் 15 டிகிரிதான். 5 மீட்டர் தள்ளி, மேலோ கீழோ 65 சென்டிமீட்டர் விலகினாலே சக்தி பாதியாகிவிடும். ஒரே தளத்தில் நீளமான வீட்டுக்கு அது நல்லது. மாடிக்கு ஆகாது.

இனி கனெக்டர். நீங்கள் முதலில் அனுப்பிய தொகுப்பில் கேபிள் முனையின் நடுவே ஊசி இருந்தது. வைஃபை ரூட்டர்களில் ஆண்டெனாவைத் திருக வழக்கமாக வரும் ஆர்பி-எஸ்எம்ஏ என்ற மரைக் கனெக்டரிலும் நடுவில் ஊசிதான் இருக்கும். ஊசியோடு ஊசி முட்டும்; மரை மட்டும் பொருந்தும் என்பதால் முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. கைக்கு இறுக்கம் தட்டியதும் நிறுத்திவிட்டுக் கேட்டால், உங்கள் ஊழியர் "கட்டிங் பிளேயர் வெச்சு நல்லா டைட் பண்ணுங்க சார்" என்கிறார். அப்படிச் செய்திருந்தால் ரூட்டரின் ஊசி நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே போகும் மெல்லிய கேபிள் முறுக்கி அறுந்திருக்கும். இந்தக் கனெக்டருக்கு விரலால் இறுக்குவதே போதும். அந்த ஊழியரைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் நீங்கள் கொடுத்த குறிப்பு அப்படி. மாற்றி அனுப்பிய இரண்டாவது தொகுப்பில் முனையில் துளை இருந்தது. மேலே உள்ள அளவுகள் அதில் எடுத்தவை.

வெளி ஆண்டெனா என்ற யோசனையே தவறு என்று சொல்ல வரவில்லை. இரும்பு அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட ரூட்டருக்கு, நல்ல கேபிளில் 1 மீட்டர் தள்ளி ஆண்டெனாவை வெளியே நிறுத்தினால் கண்டிப்பாகப் பலன் உண்டு. அதற்கு மேல் தூரம் வேண்டுமென்றால் ரூட்டரையே நகர்த்துவது மேல். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், வைஃபை சிக்னல் அதில் குறைவதற்கு வழியே இல்லை. இதை வாங்குபவரிடம் முன்பே சொல்ல வேண்டியது நீங்கள்.

எனவே, தொகுப்பின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அனுப்பும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். வேறு தொகுப்பு மாற்றித் தருவது வேண்டாம். பெட்டியின் மேல் கேபிளின் வகை, 2.4, 5 இரண்டு அலைவரிசைகளிலும் அதன் இழப்பு, அதைக் கழித்த நிகர டிபிஐ, செங்குத்து வீச்சின் டிகிரி, கனெக்டரில் ஊசியா துளையா என்று காட்டும் படம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். கட்டிங் பிளேயர் பற்றிய குறிப்பை உதவி மையத்திலிருந்து இன்றே நீக்குங்கள். பணத்தைவிட இது அவசரம்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். மூடி திறந்த ஆண்டெனாவை அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு:
1. ரசீது நகல்
2. மூன்று நிலைகளிலும் எடுத்த 30 அளவுகள்
3. குழாயின் உட்புறம், கேபிள் விட்டம், முதல் தொகுப்பின் கனெக்டர் முனை – புகைப்படங்கள்