கொறங்காட்டில் டம்மி வீசினவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கமுங்க. போன ஞாயிறு காங்கேயம் பக்கம் நாங்கள் பதினோரு பேர் அவரவர் லாப்ரடாரைக் கூட்டிப்போய் நடத்திய ரிட்ரீவர் தேர்வு, அதாவது வீசியதை நாய் தேடி எடுத்து வருகிற தேர்வு, நல்லபடியாக முடிந்தது. ஃபோனில் நன்றி சொன்னால் "அட, இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்து) ஐயனுக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே நாய் பழக்குகிற எங்களுக்கு நாய் பிரச்சினையே இல்லை, இடமும் ஆளும்தான் இல்லை. ஒருவர் நூறு மீட்டர் தள்ளி நின்று டம்மியை (பறவைக்குப் பதிலாக வீசுகிற துணிப் பொதியை) வீச வேண்டும், அது விழுந்த இடத்தை நாய் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, அனுப்பும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து, அப்புறம் நேராகப் போய் எடுத்து வர வேண்டும். மொட்டை மாடியில் ஒற்றை ஆளாக இதை எப்படிப் பழக்குவது? ஐயன் முந்தின நாளே செம்மறிகளை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டு, விடியுமுன் படலைத் திறந்து வைத்திருந்தார். சுற்றிலும் கிளுவை வேலி, நாய் ரோட்டுக்கு ஓடிவிடுமோ என்கிற பயமும் இல்லை.

திருப்பூர் டெய்லர் அண்ணனுக்கு அடுத்து. 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே வேட்டைக்கு இடமில்லை, பறவைக்குப் பதில் டம்மிதான். கேன்வாஸுக்குள் பனியன் வேஸ்ட்டை அடைத்து, ஒவ்வொன்றையும் அரைக் கிலோவுக்குத் தராசில் நிறுத்து, இருபது தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

வீசின காலேஜ் தம்பிகளே, ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை வெயிலில் நின்றீர்கள். நாயின் கவனத்தைத் திருப்ப ஒரு சத்தம் கொடுங்கள் என்றதற்கு ஒருவன் மயில் மாதிரி கத்த, வேலிக்கு அந்தப்பக்கம் நிஜ மயிலே பதில் கொடுக்க, வரிசையில் இருந்த அத்தனை நாயும் அங்கே திரும்பிவிட்டது. அந்தச் சுற்றைத் திரும்ப வைத்தோம்.

நடுவராக வந்த அண்ணனுக்குத்தான் பெரிய நன்றி. அமெரிக்கன் கெனல் கிளப் 1985 முதல் நடத்துகிற ஹன்ட் டெஸ்ட் (வேட்டை நாய்த் தேர்வு) மாதிரி, முதல் பரிசு இரண்டாம் பரிசு இல்லாமல், தரத்தை எட்டினால் தேர்ச்சி என்று வைத்துக்கொண்டார். இதற்கு முன் வேறொரு தேர்வில் என் நாய் மணியை வெளியே அனுப்பினார்கள், என்ன தப்பு என்று இன்றுவரை தெரியாது. இவர் ஒவ்வொருவரையும் மரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னார். மணி இரண்டாவது டம்மியைக் கீழே போட்டுவிட்டு ஆட்டுப் புழுக்கை பொறுக்கித் தின்றதை ஊரே பார்த்தது, ஆனால் அவர் சொன்னது வேறு: "நாய விடு. நீ விசில எச்சா ஊதுற, அது எதைன்னு கேக்கும்?" உண்மைதான். தேறவில்லை, ஆனாலும் சந்தோஷமாக வீடு வந்தேன்.

ஐயன் வீட்டு அம்மா ஊக்கை வைத்துக்கொண்டு நாய்களின் காலில் ஏறிய நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறும் போட்டார்கள். அந்தத் தூக்குப்போசி என்னிடம்தான் இருக்கிறது, அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன்.

ஐயா, இரண்டு டம்மி இன்னும் கொழுக்கட்டைப் புல்லுக்குள் கிடக்கிறது, நாய்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆடு மேய்க்கையில் கண்ணில் பட்டால் எடுத்து வையுங்க.