ரமலான் மாதக் கூட்டம்: நேரம் மாறுகிறது

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வைத்த நம் குடியிருப்பின் பராமரிப்புக் கூட்டம், ஞாயிறு காலை 11.30க்கு மாறுகிறது. இடம் அதே கார் பார்க்கிங்தான். மாலை நோன்பு திறக்கும் நேரம் என்று யோசிக்காமல் வைத்தது என் தவறு. ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறவர்களும் அதற்குள் திரும்பிவிடுவார்கள்.

1. டீ, வடை உண்டு. நோன்பிருப்பவர்களிடம் "ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்று அன்பாகக்கூட வற்புறுத்த வேண்டாம். தண்ணீரும் கூடாது.

2. காவலாளியை வாய்ஸ் நோட்டில் "ஏய் வடக்கன்" என்றது சரியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவரும் இதே குழுவில்தான் இருக்கிறார். தமிழ் நன்றாகவே புரியும்.

3. மீன் வாசனைப் புகாரை நேரில் சொல்லுங்கள், இங்கே மீம்ஸ் போட வேண்டாம்.

4. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணோடு பதில் போடவும். வெறும் கட்டைவிரல் எமோஜி போட்டால் வருகிறீர்களா, படித்தீர்களா என்றே தெரிவதில்லை.